மேப்ல நம்ம ஊரைக் காணோம்: உத்திரமேரூரும் 1950-களின் ஒரு ராணுவ வரைபடமும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடு ஒரு போன்காலில் தொடங்குது.

எங்க அப்பாவோட சொந்த ஊர் காஞ்சிபுரம் மாவட்டத்துல, உத்திரமேரூருக்கு மேற்கே, செய்யாறு பக்கமா இருக்கிற ஒரு சின்ன கிராமம். பேரைச் சொல்லலை. விஷயம் இன்னும் முடியலை, அதனாலதான். அங்கே எங்க பெரியப்பா இருக்கார். ஒருநாள் ராத்திரி போன் பண்ணார்.

"நம்ம தாங்கலுக்கு வர்ற வரத்துக் கால்வாய் தூர்ந்து போச்சுடா. இப்ப அது மேலயே கல்லு நட்டு பிளாட் போடுறானுங்க. கேட்டா, இங்க கால்வாயே கிடையாதுன்றானுங்க. உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே, பழைய மேப்பு எதனா இருந்தா எடுத்துக் குடு."

தாங்கல்னா தெரியாதவங்களுக்கு: எங்க பக்கம் சின்ன ஏரியை அப்படித்தான் சொல்லுவாங்க. பெரிய ஏரியில மிஞ்சின தண்ணியோ, ஓடைத் தண்ணியோ கால்வாய் வழியா வந்து நிரம்பும். கால்வாய் போச்சுன்னா தாங்கல் வெறும் பள்ளம். அதுக்குக் கீழே இருக்கிற கழனிக்கு போர் தண்ணியை விட்டா வேற கதியில்லை.

நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். கேள்வி கேட்ட அஞ்சு நிமிஷத்துல பதில் இணையத்தில் இருக்கும்னு நம்புற ஜாதி. தேடினேன். கிடைச்சது. கிடைச்சதை வெச்சு நான் செஞ்ச தப்புதான் இந்த எபிசோடு.

அமெரிக்க ராணுவம் வரைஞ்ச நம்ம ஊர்

இரண்டாம் உலகப்போர் நடந்துட்டு இருந்த 1942-ல், அமெரிக்க ராணுவத்துல 'ஆர்மி மேப் சர்வீஸ்'னு ஒரு அமைப்பை உருவாக்கினாங்க. உலகத்துல எங்கே சண்டை வந்தாலும் கையில மேப் இருக்கணும்ங்கிறதுதான் அதோட வேலை. 1950-களின் நடுவுல இருந்து அவங்க இந்தியா, பாகிஸ்தான் முழுசையும் ஒரே வரிசையா வெளியிட்டாங்க. அந்த வரிசையோட பேர் யூ502. அளவு 1:2,50,000. அதாவது மேப்பில் ஒரு சென்டிமீட்டர், தரையில் இரண்டரை கிலோமீட்டர்.

இந்த ஷீட்டுகளை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் ஸ்கேன் பண்ணி இணையத்துல இலவசமா வெச்சிருக்கு. நம்ம செங்கல்பட்டு, காஞ்சிபுரம், செய்யாறு எல்லாம் அதுல உண்டு. லாகின் வேண்டாம், ஓடிபி வேண்டாம்.

திறந்து பார்த்தா அது வேற காலம். மாநிலத்தோட பேர் மெட்ராஸ். உத்திரமேரூர் அப்போ செங்கல்பட்டு மாவட்டம். கொஞ்சம் மேற்கே போனா செய்யாறு தாலுகா, அது வட ஆற்காடு. 1955-ல திருத்தணி ஆந்திராவில் இருந்தது. 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் அது நம்ம பக்கம் வந்துச்சு. அதுக்கு அப்புறம் எத்தனை தடவை கோடு மாறியிருக்கு! 1989-ல் வட ஆற்காடு பிரிஞ்சு திருவண்ணாமலை வந்துச்சு, 1997-ல் காஞ்சிபுரமும் திருவள்ளூரும் தனித்தனியாச்சு, 2019-ல் செங்கல்பட்டு தனியாப் போச்சு.

ஆனா ஆறு அதே ஆறுதான். செய்யாறு ஜவ்வாது மலையில தொடங்கி, மாவட்ட எல்லையைத் தாண்டி நம்ம பக்கம் வருது. வழியில அனுமந்தண்டலம் அணைக்கட்டு. அங்கிருந்துதான் உத்திரமேரூர் பெரிய ஏரிக்குக் கால்வாய் பிரியுது. மிச்ச ஆறு திருமுக்கூடல் போய், வேகவதியோட சேர்ந்து பாலாற்றில் கலக்குது. எல்லைக்கு அந்தப் பக்கம் மழை பெஞ்சா, இந்தப் பக்கம் ஏரி நிரம்பும். எங்க ஊர் அந்த எல்லைக்கும் ஆற்றுக்கும் பக்கத்துல இருக்கிற ஊர்.

கோயில் ஏரிக்குள்ள போச்சு

மேப்பை எடுத்து க்யூஜிஐஎஸ்னு ஒரு இலவச மென்பொருள்ல ஏத்தினேன். இன்றைய சாட்டிலைட் படத்து மேல பழைய மேப்பைப் பொருத்துறதுதான் திட்டம். மேப்போட ஓரத்துல போட்டிருக்கிற அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே டைப் பண்ணேன். பொருந்தலை. எல்லாமே கொஞ்சம் நகர்ந்து இருந்துச்சு. ரோட்டோரமா இருக்கிற கோயில் ஏரித் தண்ணிக்குள்ள நிக்குது.

மேப் தப்புன்னு நினைச்சேன். தப்பு என்னோடது.

1802-ல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலைப் பக்கத்துல ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை சங்கிலியால அளந்தார். இந்தியாவை முக்கோணம் முக்கோணமா அளந்த பெரிய சர்வேக்கு அதுதான் முதல் கோடு. அங்கிருந்து தெற்கே வந்த முக்கோணங்கள்ல மதுராந்தகத்துக்குப் பக்கத்துல இருக்கிற கருங்குழியும் ஒரு புள்ளி. கருங்குழியையும் மேற்கே கர்நாடிகர் மலையையும் இணைச்சு கிழக்கு மேற்கா அவர் கணக்குப் போட்ட கோடு, உத்திரமேரூருக்குச் சில கிலோமீட்டர் தெற்கே போகுது. இந்த மேப்போட எலும்புக்கூடு நம்ம மண்ணுல போட்டதுதான்.

அவருக்குப் பின்னால வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், இந்தியாவுக்குப் பொருந்துற மாதிரி பூமியோட வடிவத்துக்கு ஒரு கணக்கு வெச்சார். சிகரத்துக்குப் பேர் வெச்சாங்களே, அதே எவரெஸ்ட். இந்தியாவோட பழைய மேப்கள் அந்தக் கணக்குல போட்டவை. உங்க போன்ல இருக்கிற ஜிபிஎஸ் வேற கணக்கு, உலகம் முழுசுக்கும் பொதுவானது. ரெண்டும் ஒரே எண்ணைச் சொன்னாலும் ஒரே இடத்தைக் காட்டாது. நம்ம பகுதியில வித்தியாசம் சுமார் 200 மீட்டர். ஒரு தாங்கலோட கரையை அடுத்தவர் கழனிக்குள்ள கொண்டு போய் வைக்க அது போதும். மாற்றுக் கணக்கைப் போட்டதும் கோயில் கரையேறிடுச்சு.

அதனால பழைய மேப்பை போன் மேல பொருத்தி, "பாருங்க, ஏரி இங்க இருந்துச்சு"ன்னு யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினா, முதல்ல இந்த மாற்றத்தைப் பண்ணாங்களான்னு கேளுங்க.

பெரியப்பாவின் பேனா

பெருமையா பெரிய தாள்ல பிரிண்ட் எடுத்துட்டு ஊருக்குப் போனேன். திண்ணையில விரிச்சு வெச்சேன். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். செய்யாற்றை விரலால பிடிச்சுக்கிட்டே வந்தார். ஒரு இடத்துல விரல் நின்னுச்சு.

"இதுல நம்ம ஊரே இல்லியேடா."

உண்மைதான். உத்திரமேரூர் இருந்துச்சு. பெரிய ஏரிகள் இருந்துச்சு. எங்க ஊர் இல்லை. எங்க தாங்கல் இல்லை. கால்வாயைப் பத்திப் பேச்சே இல்லை. அதுக்குள்ள பக்கத்துல நின்ன ஒருத்தர் கேட்டுட்டார்: "அப்ப அமெரிக்காக்காரன் மேப்புலயே கால்வாய் இல்லைன்னுதானே ஆகுது?"

நான் ஊருக்கு உதவ எடுத்துட்டுப் போன காகிதம், எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்லிடுச்சு. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. இதைச் சரியா விளக்கியாகணும்னு கணக்குப் போட்டேன்.

மேப்பில் கண்ணுக்குத் தெளிவாத் தெரியுற ஒரு கோடு சுமாரா 0.2 மில்லிமீட்டர் தடிமன்னு வெச்சுக்குவோம். 1:2,50,000 அளவுல அந்தக் கோடே தரையில 50 மீட்டர் அகலம். எங்க கால்வாய் மூணு மீட்டர் அகலம். அதை உள்ளபடி வரையணும்னா 0.012 மில்லிமீட்டர் கோடு போடணும். எந்த அச்சு இயந்திரத்தாலயும் முடியாது. அதனால மேப் வரையுறவர் ஒரு முடிவு எடுப்பார்: எதை உள்ளதைவிடப் பெருசாக் காட்டுறது, எதை விட்டுடுறது. ரோட்டைப் பெருசாக் காட்டுவார், லாரி போகணுமே. ஆற்றைக் காட்டுவார், பாலம் வேணுமே. மூணு மீட்டர் கால்வாய் ஒரு ராணுவத்துக்கு எதுக்கு?

மேப்புல இல்லைன்னா தரையில இல்லைன்னு அர்த்தம் இல்லை. அந்த மேப்பை வரைஞ்சவருக்கு அது தேவைப்படலைன்னு மட்டும்தான் அர்த்தம்.

இன்னொண்ணும் இருக்கு. இந்த ஷீட்டுகளுக்காக அமெரிக்கர்கள் நம்ம ஊருக்கு வந்து சங்கிலி பிடிக்கலை. பெரும்பாலும் சர்வே ஆஃப் இந்தியா ஏற்கனவே போட்டிருந்த மேப்களைத் தொகுத்து வரைஞ்சதுதான். அதனால 1950-கள்ல அச்சான தாள்ல, அதுக்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னால அளந்த தரை இருக்கலாம். அச்சான வருஷம் வேற, அளந்த வருஷம் வேற. கோடு எழுதுறவங்களுக்குச் சொல்லணும்னா, ரிலீஸ் தேதியைப் பார்த்துட்டு கமிட் தேதின்னு நினைக்கக்கூடாது.

இந்த ராணுவ மேப்களோட ஓரத்துல வழக்கமா ஒரு குறிப்பு இருக்கும். பிழையோ விடுபட்டதோ கண்ணுல பட்டா, இந்த மேப்பிலேயே குறிச்சு வாஷிங்டனுக்கு அனுப்புங்கன்னு. படிச்சப்போ சிரிப்பு வந்துச்சு. 1950-களோட பக் ரிப்போர்ட்! ஆனா காலையில எழுந்து பார்த்தா, பெரியப்பா அதைத்தான் செஞ்சு வெச்சிருந்தார். நீல பால்பாயின்ட் பேனாவால ஊருக்கு ஒரு புள்ளி, தாங்கலுக்கு ஒரு வளைவு, பெரிய ஏரிப் பக்கமிருந்து அதுக்கு ஒரு கோடு.

நமக்கு மறைச்ச மேப்

சரி, இதைவிட நெருக்கமான மேப் கிடையாதா? உண்டு. சர்வே ஆஃப் இந்தியாவோட டோபோஷீட். அந்தக் காலத்துல ஒரு மைலுக்கு ஒரு அங்குலம், அதாவது 1:63,360. மெட்ரிக் முறை வந்தப்புறம் 1:50,000.

இதோட நம்பர் முறை எனக்கு ரொம்பப் பிடிச்சது. நாலு டிகிரிக்கு நாலு டிகிரி ஒரு பெரிய கட்டம். நம்ம கட்டம் 57. அதை ஆங்கில எழுத்து வரிசைப்படி ஏ-யில இருந்து பதினாறாவது எழுத்தான பி வரைக்கும் 16 கட்டமாப் பிரிப்பாங்க. நம்மது அந்தக் கடைசி பி. அதை மறுபடி 16-ஆப் பிரிச்சா உத்திரமேரூர் 57 பி/14. ஆனா ஊர் அந்த ஷீட்டோட மேற்கு விளிம்புல, ஓரிரு கிலோமீட்டருக்குள்ள உட்கார்ந்திருக்கு. மேற்கே செய்யாறு பக்கம் பார்க்கணும்னா 57 பி/10 வேணும். அதாவது ஏரியை ஒரு ஷீட்டிலும், அதுக்குத் தண்ணி வர்ற ஆற்றை இன்னொரு ஷீட்டிலும் தேடணும்.

இந்த ஷீட்டுகள்ல கால்வாய் இருக்கும், கரை இருக்கும், கரையோட உயரத்தைக்கூடப் பக்கத்துல எண்ணாப் போட்டிருப்பாங்க. வருஷம் பூரா தண்ணி இருந்தா நீலம், வறண்டு போற ஓடைன்னா கறுப்பு. கறுப்புக் கோட்டைப் பார்த்து ரோடுன்னு நினைச்சவங்க உண்டு.

ஆனா ஒரு சிக்கல். நாட்டு எல்லையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் சுமார் 80 கிலோமீட்டருக்குள்ள வர்ற இடங்களோட டோபோஷீட்டுகள் ரொம்ப காலமா 'ரெஸ்ட்ரிக்டட்'. உத்திரமேரூர்ல இருந்து நேர்கோட்டுல கடல் 50 கிலோமீட்டர்கூட இல்லை. அதனால, கடலையே பார்க்காத ஒரு விவசாயி, தன் ஏரி இருக்கிற மேப்பைச் சும்மா கடையில கேட்டு வாங்க முடியாம இருந்துச்சு. அதே நாட்கள்ல அந்த ஏரியை அமெரிக்க ராணுவம் அச்சடிச்சு வெச்சிருந்துச்சு. 2005-ல் வந்த தேசிய வரைபடக் கொள்கைதான் பொதுமக்களுக்குன்னு தனி மேப் வரிசையைக் கொண்டுவந்துச்சு. 2017-ல் அதை ஆதார் எண் கொடுத்து இலவசமா டவுன்லோட் பண்ண வழி வந்துச்சு. 2021 பிப்ரவரியில விதிகளை இன்னும் தளர்த்தினாங்க.

கால்வாய்தான் விலாசம்

இதையெல்லாம் சொன்னப்போ பெரியப்பா என்னை உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனார். குடவோலைக் கல்வெட்டு எல்லாருக்கும் தெரியும்: முதலாம் பராந்தகன் காலம், 919, 921, முப்பது குடும்பு, ஓலையில பேர் எழுதிக் குடத்துல போட்டு ஆள் எடுக்கிறது. அதுல ஏரி வாரியம்னு ஏரிக்குத் தனியா ஒரு குழு இருந்ததும் பாடப்புத்தகத்துல படிச்சதுதான்.

படிக்காத ஒண்ணு இருக்கு. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள்ல நிலத்தோட இடத்தை எப்படிச் சொல்றாங்கன்னு பாருங்க. இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதுக்கம். ஒவ்வொரு வதிக்கும் வாய்க்காலுக்கும் பேர் உண்டு. வதி தெற்கு வடக்கா ஓடுது, வாய்க்கால் கிழக்கு மேற்கா ஓடுது. கணக்குப் படிச்சவங்களுக்கு இது உடனே புரியும்: எக்ஸ், ஒய். எவரெஸ்ட் கணக்குக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் பல நூற்றாண்டு முன்னாடி, தண்ணி ஓடுற பாதையையே அச்சா வெச்சு ஒரு ஊர் முழுக்க விலாசம் போட்டிருக்காங்க.

அப்போ கால்வாயைத் தூர்க்கிறதுன்னா தண்ணியை மட்டும் நிறுத்துறது இல்லை. நிலத்தோட விலாசத்தையே அழிக்கிறது.

அப்புறம் என்ன ஆச்சு

கடைசியா எங்களுக்கு உதவினது ராணுவ மேப்பும் இல்லை, டோபோஷீட்டும் இல்லை. கிராம வரைபடம். பழைய கிராம வரைபடங்கள் பெரும்பாலும் ஒரு மைலுக்கு 16 அங்குலம். யூ502-ல ஒரு மைல் கால் அங்குலம்தான். கணக்குப் போட்டா 64 மடங்கு பெருசு. அதுல ஒவ்வொரு சர்வே நம்பரும் தனித்தனியாத் தெரியும். ஏன்னா அது வரி வாங்க வரைஞ்ச மேப். வரி போட முடியாத நிலம் எதுன்னும் அரசாங்கத்துக்குத் தெரிஞ்சாகணும். அதனால மூணு மீட்டர் கால்வாயும் தனி நம்பரோட இருக்கும்.

இருந்துச்சு. அ பதிவேட்டுலயும் அந்த நம்பருக்கு நேரே 'கால்வாய்'னுதான் போட்டிருந்துச்சு. புறம்போக்கு.

இந்த ஆவணங்களைத் தேடப் போனப்போ பெரியப்பா சாதாரணமாச் சொன்னார்: "இது இருக்கும்னு எனக்குத் தெரியும். நான் சொன்னா யாரும் நம்பமாட்டாங்க, நீ கம்ப்யூட்டர்ல காட்டினா நம்புவாங்கன்னுதான் உன்னைக் கூப்பிட்டேன்."

அதுக்கப்புறம் ரெண்டு பேரும் அந்தக் கோட்டு மேல நடந்தோம். போன்ல புலப்படம், முன்னால பெரியப்பா. அவருக்குப் புலப்படம் தேவைப்படலை. வரிசையா நாலு பனைமரம், அது கால்வாய்க் கரை. முள்ளுக்குள்ள செங்கல் இடிபாடு, அது மதகு. பிளாட் கல் நட்ட இடத்துல மண்ணு நிறம் மாறுது, வண்டல். டோபோஷீட், புலப்படம், பெரியப்பா, மூணும் ஒரே இடத்தைக் காட்டுற வரைக்கும் நடந்தோம்.

நீங்களும் உங்க ஊரைத் தேடினா, எந்த மேப் கையில கிடைச்சாலும் நாலு கேள்வி கேளுங்க. என்ன அளவு? தரையை எப்போ அளந்தாங்க? எந்தக் கணக்குல போட்டாங்க? யாருக்காக வரைஞ்சாங்க? கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைச்சா, அதுல என்ன விட்டுப்போயிருக்கும்னு நீங்களே சொல்லிடலாம். எல்லைத் தகராறுன்னா டோபோஷீட்டைத் தூக்கிட்டுப் போகாதீங்க. அது துப்பு கொடுக்கும், அவ்வளவுதான். நில எல்லைக்குப் புலப்படமும் அ பதிவேடும்தான் பேசும். தமிழ்நாடு அரசோட நில ஆவணத் தளத்துல சர்வே நம்பர் கொடுத்தா ரெண்டையும் பார்க்கலாம்.

எங்க விஷயம்? ஊர்க்காரங்க கையெழுத்துப் போட்டு அளக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கோம். இன்னும் அளக்கலை. ஐப்பசி மழைக்குள்ள நடக்கும்னு பெரியப்பா நம்புறார்.

மனுவோட கிராம வரைபட நகல், அ பதிவேட்டு நகல், போட்டோ எல்லாம் வெச்சோம். பெரியப்பா பேனாவால கோடு போட்ட அந்த அமெரிக்க மேப்பையும் சேர்த்து வைக்கணும்னு அடம் பிடிச்சார். அது ஆவணம் ஆகாது பெரியப்பான்னு சொன்னேன். "தப்பு இருந்தா குறிச்சு அனுப்புங்கன்னு அவன்தானே எழுதியிருக்கான்னு சொன்ன?" அப்படின்னார்.

ஆர்மி மேப் சர்வீஸ் 1968-லயே வேற அமைப்புக்குள்ள போயிடுச்சு. அதனால அந்த பக் ரிப்போர்ட் வாஷிங்டன் போகலை. தாலுகா ஆபீஸ் ஃபைல்ல, கடைசித் தாளா இருக்கு.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.